பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கடைக்குத் தள்ளுவதற்கு முன்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது) வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஓட்டியதாக இருக்கலாம், பினாங்கின் பிறை வட்டாரத்தில் யாரோ ஃபிளாட் கீழே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்ததைச் சல்லிசாக வாங்கியதாக இருக்கலாம். ஹோண்டா இஎக்ஸ்5, சி70, மொடெனாஸ் கிரிஸ், டூ ஸ்ட்ரோக்கில் யமஹா ஆர்எக்ஸ்இசட், எதுவானாலும் சரி. கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஸ்டார்ட் ஆகி இரண்டு சிக்னல் தாண்டியதும் நின்றுவிடுகிறது. உடனே ஒருவர் பிளக்கை மாற்று என்பார், இன்னொருவர் சிடிஐ (தீப்பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) போயிருக்கும் என்பார், மூன்றாமவர் கார்புரேட்டரையே புதுசாகப் போட்டுவிடு என்பார். மூவர் பேச்சையும் கேட்டு மூன்றையும் மாற்றினால் வண்டி ஒருவேளை ஓடும், ஆனால் எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த தடவை நிற்கும்போது மறுபடியும் மூன்றுக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மட்டும் தொடுங்கள், தொட்டபின் கிக் அடித்துப் பாருங்கள். ஒரே மாலையில் பிளக், ஏர் ஸ்குரூ (கார்புரேட்டரில் காற்றின் அளவை மாற்றுவது), டேப்பட் (வால்வ் இடைவெளியை மாற்றுவது) மூன்றையும் திருகிவிட்டு உட்கார்ந்தால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். 8, 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், நல்ல முனையுள்ள ஸ்குரூடிரைவர் இரண்டு, பிளக் கழற்றும் சாக்கெட் (இஎக்ஸ்5 மாதிரி சின்ன பிளக்குக்கு 16 மி.மீ.), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மலிவான டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், ஒரு டப்பா கார்புரேட்டர் கிளீனர். ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தேய்ந்த ஸ்பேனர்களும் விற்பார்கள். அகன்றுபோன ஸ்பேனரை மட்டும் வாங்காதீர்கள், முதல் போல்ட்டிலேயே அது மூலையை மழுங்கடித்துவிடும், அப்புறம் அந்த போல்ட்டைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும்.

எப்படி நின்றது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டி எப்படி நின்றது என்று யோசியுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள், ஆனால் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்தபோது சாவியை மூடியதுபோல் பட்டென்று நின்றதென்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். திணறி, இழுத்து, இருமி, திராட்டலைத் திருகத் திருக மெல்ல அடங்கியதென்றால் பெட்ரோல் பக்கம். காலையில் நன்றாக ஓடி, எஞ்சின் சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறவைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிக்அப் காயில் (எப்போது பொறி என்று சிடிஐக்குச் சொல்வது), இறுகிப்போன வால்வ், இந்த மூன்றின் மேல் சந்தேகம் வையுங்கள். மழையில் மட்டும் நிற்கிறதென்றால் பிளக் கேப்பும் அதன் ஒயரும்.

இன்னொரு வகை உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது, பினாங்குப் பாலத்தில் ஏறி வேகம் பிடித்துப் பாதி தூரம் போனதும் மூச்சுத் திணறி நிற்கும், ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் கழித்துக் கிக் அடித்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பாலம் 13.5 கிலோமீட்டர், வழியில் ஒதுங்க நிழல்கூடக் கிடையாது, அங்கே நிற்பது பெரிய கொடுமை. இதற்குக் காரணம் பல நேரம் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருப்பது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி கிடைத்துவிட்டது. துளையைச் சுத்தம் செய்தால் போதும், சல்லிக்காசு செலவில்லை.

வெட்கப்படாமல் பார்க்க வேண்டியவை

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் போட்டால் ஓடுகிறதா, கில் சுவிட்ச் உள்ள வண்டியானால் அது ஓட்டும் நிலையில் இருக்கிறதா, பிளக் கேப் கழன்று தொங்குகிறதா, சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் மூடி) போட்டபடியே மாட்டிக்கொண்டதா. அனுபவமுள்ள போமன் (மெக்கானிக்) கூட முதலில் இதைத்தான் பார்ப்பார், சொல்ல மாட்டார், அவ்வளவுதான். வண்டி ஒரு வருடத்துக்கு மேல் சும்மா நின்றிருந்தால் டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ரோன்95 ஊற்றிவிட்டு அப்புறம் சோதனையைத் தொடங்குங்கள். பழைய பெட்ரோலுக்கு வார்னிஷ் வாடை வரும், மூக்கு போதும், மீட்டர் வேண்டாம்.

தீப்பொறி

பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் சுற்றிலும் உள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் முனையைப் பார்த்தால் எஞ்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளையாக வெந்துபோயிருந்தால் காற்று அதிகம், எங்கோ கசிவு. கரியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தால் எஞ்சின் எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. பலமுறை கிக் அடித்தபிறகும் பிளக் எலும்புபோல் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, நேராக அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

இப்போது கேப்பில் பிளக்கை மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சின் தலையில் நன்றாகப் பதியும்படி வைத்து, சாவியைத் திறந்து கிக் அடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், தீப்பிடிக்கும். பிளக்கை எர்த் ஆக்காமல் தொங்கவிட்டுக் கிக் அடிப்பதும் கூடாது, சிடிஐக்கும் காயிலுக்கும் அது ஆகாது. நீலமாக, சத்தத்தோடு தெறித்தால் சரி. மஞ்சளாக, மெலிதாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வந்தால் அது போதாது. வெளிச்சமான இடத்தில் நல்ல பொறிகூடக் கண்ணுக்குத் தெரியாது, நிழலில் வைத்துப் பாருங்கள்.

பொறி இல்லையா? புது பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். இஎக்ஸ்5க்கு என்ஜிகே சி7ஹெச்எஸ்ஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. விலை அதிகமில்லை, வண்டியில் எப்போதும் ஒன்று இருக்கட்டும். அப்படியும் வரவில்லை என்றால் கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றி, ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, ரப்பர் பிடியுள்ள பிளையரால் ஒயரைப் பிடித்து எஞ்சினிலிருந்து ஐந்து ஆறு மி.மீ. தள்ளிவைத்துக் கிக் அடியுங்கள். இப்போது பொறி தெறித்தால் கேப்தான் செத்திருக்கிறது. ரெசிஸ்டர் கேப்பை மல்ட்டிமீட்டரில் அளந்தால் 5 கிலோ ஓம் சுற்றிக் காட்டும், எல்லையில்லாமல் காட்டினால் தூக்கிப் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் இந்த ஒயர் நுனி பச்சை பூத்துப்போவது சகஜம், பல வண்டிகளில் அந்த அரை சென்டிமீட்டர் வெட்டியதோடு வேலை முடிந்துவிடும்.

அதற்கும் வரவில்லை என்றால் சாவி சுவிட்சும் கில் சுவிட்சும். ஏசி சிடிஐ (பேட்டரி இல்லாமலே எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் பெறும் வகை) உள்ள பல வண்டிகளில் சாவியை மூடும்போது ஒரு ஒயர் எர்த் ஆகி எஞ்சினை நிறுத்துகிறது, பழைய ஹோண்டாக்களில் பெரும்பாலும் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். அதைக் கனெக்டரில் பிரித்துவிட்டுக் கிக் அடித்தால் பொறி வருகிறது என்றால் சிடிஐ நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் உள்ளே ஷார்ட். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே எத்தனையோ பேர் சிடிஐ வாங்கியிருக்கிறார்கள். டிசி சிடிஐ உள்ள வண்டிகள் வேறு மாதிரி, அவற்றுக்குப் பேட்டரி உயிரோடு இருந்தாக வேண்டும், பேட்டரி இறங்கினால் கிக் அடித்தாலும் பொறி வராது. பழைய சி70 போல, சிடிஐக்குப் பதில் பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த வண்டிகளில் பாயின்ட் முகத்தை மெல்லிய எமரி காகிதத்தால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

பெட்ரோல்

கார்புரேட்டர் அடியில் உள்ள கிண்ணத்தில் வடிகால் ஸ்குரூ ஒன்று இருக்கும். கீழே ஒரு கண்ணாடிக் குவளை வைத்து, டேப்பைத் திறந்து, அந்த ஸ்குரூவைத் தளர்த்துங்கள். பெட்ரோல் விடாமல் ஓட வேண்டும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் டேங்க் துளை, டேப் வலை, குழாய், ஃப்ளோட் ஊசி, இந்த வரிசையில் பாருங்கள். சில மாடல்களில் வாக்குவம் டேப் இருக்கும், எஞ்சின் சுற்றினால்தான் அது திறக்கும், அதைப் பார்த்து அடைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். குவளையைச் சற்று நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள், அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டால் டேங்கிலேயே தண்ணீர் இருக்கிறது. துரு மிதந்தால் டேங்க் உள்ளே அரித்துவிட்டது, அதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் ஒரே வாரத்தில் திரும்ப அடைக்கும்.

பெட்ரோல் வருகிறது, பொறியும் வருகிறது, ஆனாலும் சோக் போட்டால்தான் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நிற்கிறது என்றால் பைலட் ஜெட் (ஐடிலில், அதாவது திராட்டல் கொடுக்காமல் ஓடும்போது, பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது. ஐடிலில் நன்றாக இருந்து முழுத் திராட்டலில் இழுக்கவில்லை என்றால் மெயின் ஜெட், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஓட்டம், இவற்றைச் சந்தேகியுங்கள். திராட்டலை விட்டும் ஐடில் உயரத்திலேயே நின்றால் கேபிள் சிக்கியிருக்கிறது, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஏர் ஸ்குரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முட்டியபிறகு பலம் கொடுக்காதீர்கள், முனை வளைந்துவிடும். அப்புறம் கிண்ணத்தைக் கழற்றி, ஃப்ளோட்டின் பின்னைத் தள்ளி எடுத்து, ஜெட்டுகளைத் திருகி வெளியே எடுங்கள். ஸ்குரூடிரைவர் ஜெட்டின் வெட்டில் சரியாகப் பொருந்தாவிட்டால் திருகாதீர்கள், பித்தளை மெத்தென்றது, ஒரே வழுக்கலில் பாழாகும். பைலட் ஜெட்டின் துளை அவ்வளவு சிறியது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனர் அடித்து ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள். எஃகுக் கம்பியை விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ரொம்பப் பிடிவாதமாக இருந்தால் மின்சார ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ரப்பர் வளையங்களை முன்பே எடுத்துவைத்துவிடுங்கள், கிளீனர் பட்டால் உப்பிவிடும். மாட்டும்போது ஏர் ஸ்குரூவைப் பழைய கணக்குக்கே கொண்டுவாருங்கள், கணக்குத் தெரியாத வண்டியானால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, எஞ்சின் சூடானபின் ஐடில் எங்கே நிதானமாக நிற்கிறதோ அங்கே விடுங்கள்.

இந்த வேலையெல்லாம் வெளியில், காற்றோட்டத்தில். ஃபிளாட் வராந்தாவில் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்ரோல் வடிக்காதீர்கள்.

வால்வ், கம்ப்ரெஷன்

பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆனாலும் கிக் ஸ்டார்ட்டர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது என்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) இல்லை. உடனே போரிங், பிஸ்டன் என்று பயப்பட வேண்டாம், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியானால் முதலில் டேப்பட் பாருங்கள். வால்வ் இடைவெளி இறுகிப்போனால் வால்வ் முழுசாக மூடாது, சூடானபிறகு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

இஎக்ஸ்5 போன்ற ஹோண்டா கப் எஞ்சின்களுக்கு உள்ளே போகும் வால்வ், வெளியேற்றும் வால்வ் இரண்டுக்கும் 0.05 மி.மீ., அதுவும் எஞ்சின் ஆறியபின். நண்பகலில் வெயிலில் நின்ற வண்டி ஆறியதாகாது, இரவு முழுக்க நிறுத்தி, காலையில் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். இடப்பக்க மூடியில் உள்ள வட்டத் தொப்பிகளைத் திறந்து, ஃபிளைவீலை இடஞ்சுழியாகத் திருகி, அதில் உள்ள ஆங்கில 'டி' எழுத்துக் கோட்டை உறையில் உள்ள குறியோடு சேருங்கள். மேலேயும் கீழேயும் டேப்பட் மூடிகளைத் திறந்து, ராக்கர்களை (வால்வை அமுக்கும் நெம்புகளை) விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் நீங்கள் தப்பான சுற்றில் இருக்கிறீர்கள், முழுசாக இன்னொரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே குறிக்கு வாருங்கள். 0.05 தகடு லேசான பிடிப்போடு நழுவிப் போக வேண்டும். சரிசெய்தபின் லாக்நட்டை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும், அதனால் இறுக்கியபின் திரும்ப ஒருமுறை தகட்டை விட்டுப் பார்ப்பது கட்டாயம். டிக் டிக் என்று கொஞ்சம் சத்தம் வந்தால் வரட்டும், சத்தமே வரக் கூடாது என்று இறுக்கிவைத்தால் வால்வ் வெந்துவிடும். மற்ற மாடல்களுக்கு அளவு வேறு, அந்தந்த வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள்.

டேப்பட் சரியாக இருந்தும் கம்ப்ரெஷன் இல்லை என்றால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றிக் கிக் அடியுங்கள். காலுக்கு எதிர்ப்பு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். புகையும் இதையே சொல்லும்: ராத்திரி நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை விட்டு அடங்கினால் வால்வ் சீல், திராட்டல் கொடுக்கும்போதெல்லாம் புகைத்தால் ரிங். ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் புகை இயல்பு, அதற்கு மேல் திடீரென்று அதிகமாகி, கியர்பாக்ஸ் எண்ணெயும் குறைந்துகொண்டே போனால் கிராங்க் சீல் போயிருக்கிறது.

பேட்டரி, ஒயர், உப்புக் காற்று

கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் கனெக்டர் அரிப்பு பெரிய தொல்லை. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லைட் மங்குகிறது, ஹார்ன் முனகுகிறது, ஸ்டார்ட்டர் டக் என்று மட்டும் சொல்கிறது என்றால் பேட்டரி வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது, 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் திராட்டல் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, அது புது பேட்டரியையும் பல்பையும் சேர்த்துக் கொன்றுவிடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் சேஸிஸில் பதியும் இடத்தைக் கழற்றி, பெயின்ட் துரு போகத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். பழைய வண்டியில் இந்த ஒரு போல்ட் செய்யும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குத் தனிக் கணக்கு. 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளம் போல ஒன்று வந்து வண்டி மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் ஆசைப்பட்டுக் கிக் அடிக்காதீர்கள். எஞ்சின் எண்ணெயை வடியுங்கள். அது தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றிக் கிக்கைக் கையால் மெல்ல அமுக்கி, சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். மலிவான எண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே வடித்து, நிறம் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் கிண்ணம், பிரேக் டிரம் எல்லாவற்றையும் திறந்து காயவைக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. செயின் தளர்வு 20 முதல் 30 மி.மீ. வரை, பின் சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். செயினை மட்டும் மாற்றிவிட்டுச் சுறா மீன் பல்போல் கூர்த்த ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைப்பது வீண்செலவு. பாலிக் பூலாவ் மலையேற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. முதலில் என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், கார் எண்ணெய் ஊற்றியிருந்தால் மாற்றிவிட்டு ஜாசோ எம்ஏ (மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரக்குறி) போட்ட டப்பாவை வாங்குங்கள். கப் எஞ்சினில் வலப்பக்க மூடியில் உள்ள கிளச் ஸ்குரூவை லாக்நட் தளர்த்தி, ஒரு சுற்று வலமாகத் திருகி, அப்புறம் தட்டுப்படும்வரை மெல்ல இடமாகத் திருப்பி, அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாக வலமாகக் கொண்டுவந்து இறுக்குங்கள். பிரேக் மட்டும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சிக்களம் கிடையாது, ஷூ மாற்றுவதை ஒருமுறை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் முடியவில்லை என்றால் தாராளமாகக் கடைக்குப் போகலாம். தொழிலதிபர் லோ பூன் சியூ 1958இல் ஹோண்டாவைக் கொண்டுவந்த தீவு இது, கப் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடும் கைகளுக்குப் பஞ்சமில்லை, உதிரிப் பாகமும் கிடைக்கும். போனதும் "அங்கிள், மோட்டார் ஓடலே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பொறி நீலமா வருது, பெட்ரோல் விடாம ஓடுது, டேப்பட் 0.05 வெச்சிருக்கேன், எண்ணெய் ஊத்தினா கம்ப்ரெஷன் கூடுது என்று சொல்லுங்கள், அவர் நேராக ரிங்குக்குப் போவார், உங்களிடம் கூலியும் நிதானமாகக் கேட்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு எஞ்சினையே தூக்கிவைக்கலாம் என்று பேச்சு வந்தால் சரி என்று சொல்வதற்கு முன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கிரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் எண்ணோடு பொருந்தாவிட்டால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிவை மாற்றியாக வேண்டும், அந்த எஞ்சினுக்கு உரிய காகிதங்களைக் கடைக்காரர் கொடுக்கிறாரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.